தர்மபுரத்தில் ஆவரசு

பரந்தன் சந்தியிலே கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால், முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருவீதி நேராக நீண்டு கிடக்கிறது. முரசுமோட்டையை அடுத்து இரு மருங்கும் வயல்கள். இரணைமடுக் குளத்து நீர் பாயும் காலத்தில் அவ்வழியே செல்பவருக்கு, வன்னியை வரண்ட நாடு என்று சொன்னவர் யார் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் பசுமை நெடுந்தூரம் நம்மோடு வருவதில்லை. நாகதம்பிரான் கோயிலாற் பெயர்பெற்ற புளியம்பொக்கணையின் அயலைக் கடந்து செல்லச் செல்ல, வயல்கள் ஒதுங்கிக்கொள்கின்றன; வளவுகளும் பனைகளும் பற்றைக் காடுகளும் முன்னே வருகின்றன. அங்கேதான் தர்மபுரம் இருக்கிறது.

கண்டாவளைப் பிரதேசத்தைச் சேர்ந்த இவ்வூரில் ஒரு கடைத்தெரு, ஒரு வைத்தியசாலை, பாடசாலை, கோயில்கள், வீதியிலிருந்து பிரிந்து உள்ளே ஓடும் கிறவல் ஒழுங்கைகள் ஆகியன உண்டு. கிழக்கே நெத்தலியாறு, அதற்கப்பால் விசுவமடு. சுற்றுலாப் பயணிகளுக்கென்று வெளியாகும் கைந்நூல்களில் இவ்வூரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. அவ்வகை நூல்களை எழுதுவோர் பேருந்திலிருந்து இறங்காமலே போகும் ஊர்களில் இதுவும் ஒன்று. நாம் இறங்கினோம், அதுவும் ஆவணி மாதத்து வெயிலில்.

வன்னியின் மழைக் கணக்கு விந்தையானது. கிளிநொச்சிப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 1,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இலண்டன் மாநகரம் ஓராண்டிற் பெறுவது இதிற் பாதியளவே. எனினும் இலண்டனில் மழை ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகத் தூறுகிறது. இங்கோ பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் ஓரளவு தூறலாம். அதன்பின் சோளகக் காற்று எழுந்து வீசத் தொடங்கினால், மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் அது வாரிக்கொண்டு போகும். வைகாசி முதல் ஆவணி வரை வானம் நீலமாகவே இருக்கும். 2016 இலும் 2017 இலும் வட மாகாணத்தை வாட்டிய வரட்சியில் மாரியும் பொய்த்தது. அந்நாளில் தண்ணீர் தாங்கிகளில் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டாகிய 2018 இன் மார்கழி மாதத்திலே அதே நிலத்தைப் பெருவெள்ளம் மூடியது. மிகையும் குறையுமாக வரும் நீரை நம்பி ஒரு வீட்டுத் தோட்டத்தை வைத்துக் காப்பது எளிய காரியமன்று.

ஆயினும் தோட்டம் இல்லாத வளவு தர்மபுரத்தில் அரிது. கிணற்றடியில் வாழை, கறிவேப்பிலை, முற்றத்தின் ஓரத்தில் செவ்வரத்தை, மல்லிகை, நந்தியாவட்டை, சாடிகளில் குரோட்டன். இவற்றுள் முற்றத்துப் பூஞ்செடிகளுக்கு மட்டும் நாளொன்றுக்குப் பத்து லீற்றர் வாளி நான்கு ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். கோடையின் நான்கு மாதத்துக்கு, அதாவது 120 நாட்களுக்கு, 4,800 லீற்றர் ஆகிறது. மின்பம்பி உள்ள வீட்டுக்கு இது ஒரு பொருட்டன்று. துலாவோ கப்பியோ உள்ள கிணற்றில், நீர்மட்டம் தாழ்ந்து கிடக்கும் ஆடி மாதத்தில், இது 480 முறை வாளியைக் கீழே விட்டு மேலே இழுப்பதாகும். இழுப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண். போரிலே கணவனை இழந்து தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர் வாழும் நாடு வன்னி. காலையிற் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்குப் போய், மாலையில் வந்து மல்லிகைக்கும் நீர் இறைக்கும் பெண்ணைக் கண்டால், பூ வளர்ப்பது இன்பமா துன்பமா என்ற ஐயம் நமக்கு எழாமல் என் செய்யும்?

இந்த எண்ணத்தோடு ஒழுங்கையொன்றின் வழியே நடந்தபோதுதான், கடைசி வளவின் வேலிக்கு வெளியே, ஒருவரும் ஒரு துளி நீரும் வார்க்காத மண்ணில், ஆளுயரச் செடியொன்று பொன்னை அள்ளிப் பூசியதுபோல் நின்றதைக் கண்டோம். இலங்கைத் தமிழர் அதனை ஆவரசு என்பர். தமிழ்நாட்டார் ஆவாரை, ஆவாரம்பூ என்பர். சிங்களத்தில் ரணவரா. தாவர நூலார் முன்னர் கசியா ஓரிகுலாற்றா என்றனர். இப்பொழுது சென்னா ஓரிகுலாற்றா என்கின்றனர். இலத்தீன் மொழியில் ஓரிகுலா என்றால் சிறு காது. இலைக் காம்பின் அடியில், தண்டைத் தழுவியபடி, சிறிய செவி மடல்களைப்போன்ற இரு உறுப்புகள் இருக்கின்றன, அதனால் அப்பெயர். மாணவர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்வது நன்று. மஞ்சட் பூப் பூக்கும் செடிகள் பல உள. தகரை, பொன்னாவரை, வண்டுகொல்லி என்று இதன் உறவினரே பலர். அந்தக் காது மடலைக் கண்டால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வேலிக்குள்ளே ஒரு முதிய அம்மையார் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். இச்செடியை நட்டது யார் என்று வினவினோம்.

"யாரு நட்டா? அதுவா வந்துச்சுங்க ஐயா. இங்க உள்ளவங்க ஆவரசுன்னு சொல்லுவாங்க. எங்க பாட்டி ஆவாரம்பூன்னுதான் சொல்லும். ஆனா பாட்டி காட்டினதில்ல. தோட்டத்துல இது ஏதுங்க? இங்க வந்துதான் பார்த்தேன்."

இச்சிறு மறுமொழிக்குள் ஒரு நூற்றாண்டு அடங்கியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டின் வரண்ட மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் அழைத்து வரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், மாத்தளை வரையில் இந்த வரண்ட காட்டினூடே கால்நடையாகவே சென்றனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டவர் மிகப் பலர். அவர்களுடைய வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி சென்றதை வாசகர் அறிவர். மலைக்கு ஏறிய பின் அம்மக்கள் கண்டது குளிரும் மழையும் தேயிலையும். ஆவாரை வெயிலின் பிள்ளை. மூடுபனி தவழும் சரிவுகளில் அதற்கு வேலை இல்லை. ஆகையால் பாட்டிமாரின் வாயில் பெயர் மட்டும் எஞ்சியது, பூ எஞ்சவில்லை.

1977 ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின்னர் மலைநாட்டுக் குடும்பங்கள் பல வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின. தர்மபுரத்திலும் அயலூர்களிலும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கின்றனர். மூதாதையர் விட்டுவந்த மண்ணின் பூவைப் பேரப்பிள்ளைகள் மீண்டும் சந்தித்த இடம் இது. இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. இலங்கையில் ஆங்கிலேயர் இச்செடிக்கு 'மாத்தறைத் தேயிலை' என்று பெயரிட்டிருந்தனர். இதன் இலையையும் பூவையும் உலர்த்தி, நீரிற் காய்ச்சித் தேநீர் போலப் பருகும் வழக்கத்தால் வந்த பெயர் அது. உலகத்துக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுத்தவர்களுடைய வேலியோரத்திலே, எவரும் நடாத தேயிலை தானாக வந்து நிற்கிறது!

தமிழருக்கு இது புதிய அறிமுகமும் அன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலைமகளிர் குவித்த 99 மலர்களின் வரிசையில் ஆவிரையும் ஒன்று. சங்கத் தலைவன் காதல் கைகூடாதபோது பனங்கருக்கால் மடல்மா செய்து அதன்மீது ஏறி ஊர் நடுவே வருவான். அப்பொழுது அவன் சூடுவது மல்லிகையோ முல்லையோ அன்று. எருக்கும் பூளையும் ஆவிரையுமே சூடுவான். மற்றவர் அணியாத பூவைச் சூடுவது தன் நிலையை ஊருக்கு உணர்த்தும் வழி. அந்தப் பழைய இகழ்ச்சியின் நிழல் இன்றும் போகவில்லை என்றே நமக்குப் படுகிறது. நாற்றுமேடையில் விலை கொடுத்து வாங்கும் பிறநாட்டுச் செடியை முற்றத்தில் வைத்துவிட்டு, ஆவரசைப் படலைக்கு வெளியே நிறுத்துகிறோம். கொங்கு நாட்டு உழவர் மட்டும் பொங்கலுக்கு முன்னர் வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றோடு ஆவாரம்பூவையும் சேர்த்து வீட்டு இறப்பிலே காப்புக் கட்டுகின்றனர். தெலுங்கானாவில் மகளிர் இம்மலரைத் தட்டிலே அடுக்கிக் கோபுரமாக்கிப் பதுக்கம்மா விழாவைக் கொண்டாடுவர். 2014 இல் பிறந்த அம்மாநிலம் இதனையே தன் மாநில மலராக ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் ஆவரங்கால் என்று ஓர் ஊர் உண்டு. அதன் பெயரில் இச்செடி நிற்கிறது என்று கொள்ள இடமுண்டு.

ஆவாரை பூத்திருக்கும் இடத்தில் சாவாரும் உண்டோ என்று கேட்பது தமிழ்நாட்டுப் பழமொழி. மருந்தாக அது தரும் பயனைப் புகழ்ந்து சொன்னது. தர்மபுரத்து வீதியில் நின்று அதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. 2008 இன் பிற்பகுதியில் கிளிநொச்சிப் பக்கத்து மக்கள், கூரைத் தகட்டையும் கதவையும் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டு, இந்த வீதி வழியாகவே கிழக்கு நோக்கி நகர்ந்தனர். 2009 சனவரி 2 ஆம் நாள் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. அம்மாதத்தில் தர்மபுரத்து வைத்தியசாலை காயமுற்றோரால் நிரம்பி வழிந்தது, சில நாட்களில் அதுவும் இடம்பெயர்ந்தது, ஊரும் வெறுமையாயிற்று. அம்மாத இறுதிப் பகுதியிலே அருகிலுள்ள கல்மடுக்குளத்தின் அணையும் உடைக்கப்பட்டு, வெள்ளம் வெற்று வளவுகளுக்குள் புகுந்தது. மே மாதத்தில் போர் முடிந்தபோது எஞ்சியோர் வவுனியாவை அடுத்த செட்டிகுளத்து முகாம்களில் இருந்தனர். ஆவரசு பூத்திருந்தது, சாவும் இருந்தது.

2010 ஆம் ஆண்டளவில் மக்கள் திரும்பி வரத் தொடங்கினர். கிணறுகளை இறைத்துத் துப்புரவு செய்தனர். தறப்பாளின் கீழ்க் குடியிருந்து வீடு கட்டினர். கண்ணிவெடி அகற்றுவோர் ஐயமுள்ள நிலங்களிற் பற்றைகளை வெட்டி, மண்ணை அங்குலம் அங்குலமாகத் துழாவினர். பின்னர் வீதி அகன்றது. ஓரத்துப் பற்றைகள் மறைந்தன. கதியாலும் கிடுகும் இருந்த இடத்தில் சீமெந்துத் தூணும் முட்கம்பியும் வந்தன. இவற்றுள் எதையும் நாம் குறை கூற இயலாது; வெடி இல்லாத நிலமும் பள்ளம் இல்லாத வீதியும் வேண்டியவையே. ஆனால் பற்றையோடு பற்றையாக ஆவரசும் போய்க்கொண்டிருக்கிறது. வேலிக்கு வெளியே அதற்கு இடம் குறைந்தால், வேலிக்கு உள்ளே நாம் இடம் கொடுக்கவேண்டும். வாளி இழுக்கும் பெண்ணின் வேலையும் அதனாற் குறையும். ஒரே செடியில் இரு காரியமும் ஆகும் என்பதே நமது கட்சி.

இனி, அதை வளர்க்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்வோம்.

காட்டிலே நிற்கும் செடியைத் தோண்டிக்கொண்டு வந்து நடுவது வீண் முயற்சி. இதன் ஆணிவேர் ஆழமாக இறங்குவது. அலவாங்கு போட்டுக் கிளப்பும்போது அது அறுந்துவிடும். வேர் அறுந்த ஆவரசுக்கு வரட்சியைத் தாங்கும் வலிமை எங்கிருந்து வரும்? விதையே நல்ல வழி. காய் தட்டையானது, காகிதம் போல மெல்லிய தோலுடையது, உள்ளே விதைகள் இருக்கும் இடங்கள் வரிசையாகப் புடைத்து வெளியே தெரியும். ஒரு காயில் பன்னிரண்டு முதல் இருபது வரை விதை இருக்கலாம். செடியிலேயே பழுப்பு நிறமாகிக் காய்ந்த காய்களைப் பறித்து, உடைத்து, நீரில் இட வேண்டும். வண்டு துளைத்த விதைகள் மிதக்கும். அவற்றை நீக்கிவிடுக.

அமிழ்ந்த விதையையும் அப்படியே மண்ணில் இட்டால் பெரும்பாலானவை முளைக்கமாட்டா. ஆவரசு விதையின் தோல் மிகக் கடினமானது. நீர் உள்ளே புக விடாதது. இது செடியின் குறை அன்று, அதன் முன்யோசனை. எல்லா விதையும் முதல் மழைக்கே முளைத்து, அதன்பின் மழை ஏமாற்றினால், அந்த ஆண்டோடு குலம் அழியும். ஆகையால் சில விதைகள் இவ்வாண்டும், சில அடுத்த ஆண்டும், சில அதற்குப் பின்னும் கண் திறக்கின்றன. வெயிலிலும் மழையிலும் மணலின் உராய்விலும் தோல் தேய்ந்து வழிவிடக் காலம் பிடிக்கிறது. நமக்கு அத்தனை பொறுமை இல்லாதபடியால், நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதிப்பு அடங்கியதும் விதைகளை அதில் இட்டு, ஓர் இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். காலையில் சில விதைகள் பருத்திருக்கும். அவை முளைப்பதற்கு ஆயத்தமானவை. பருக்காதவற்றை மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்யலாம். அல்லது கரடான கல்லில் ஒரு பக்கத்தை இலேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம்.

விதைக்கும் காலம் புரட்டாதிக் கடைசியும் ஐப்பசி முதலும். மாரியின் மூன்று மாதமும் செடிக்குக் கிடைக்கவேண்டும். அதற்குள் வேர் கீழே இறங்கிவிட்டால் பின்வரும் கோடையைப் பற்றிய கவலை குறையும். தைமாதத்தில் நினைவு வந்து நட்டால், செடிக்கும் நமக்கும் வீண் பாடு. நிலையாக நிற்கவேண்டிய இடத்திலேயே, விரற்கணு அளவில் பாதி ஆழத்தில், குழிக்கு மூன்று விதையாக இட்டு, முளைத்தபின் நல்லதொன்றை விட்டு மற்றவற்றை நீக்குவது சிறந்தது. கோழிகள் மிகுந்த வளவானால், உறைகளில் மண் நிரப்பி விதைத்து, இரண்டு மூன்று மாதத்துக்குள், ஆணிவேர் உறைக்குள் சுருள்வதற்கு முன்னர், மண் உடையாமல் நடலாம்.

இடத்தைத் தெரிவுசெய்வதில் ஒரே ஒரு கண்டிப்பு: வெயில் வேண்டும். மா மரத்தின் கீழும் வீட்டின் நிழலிலும் நட்டால் இலை தழைக்கும், பூ வராது. மண்ணைப் பற்றி இது குறை சொல்லாது. கிறவலோ மணலோ செம்மண்ணோ எதுவும் ஆகும். ஆனால் நீர் தேங்கக்கூடாது. வரட்சியைத் தாங்கும் செடி வெள்ளத்தையும் தாங்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வன்னியில் கார்த்திகை மாதத்திலே தாழ்ந்த வளவுகளில் நாட்கணக்கில் நீர் நிற்கும். ஆதலால் ஓர் அடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டி வரம்பு கட்டி, அதன்மேல் நடுவது நன்று. முட்கம்பி வேலியின் உட்புறத்தில் மூன்று அடிக்கு ஒன்றாக ஒரு வரிசை நட்டால், சில ஆண்டுகளில் கம்பி கண்ணுக்கு மறையும். முட்கம்பி மறைவதில் நமக்குத் தனிப்பட்ட ஒரு மகிழ்ச்சி உண்டு. அதை விளக்க வேண்டியதில்லை.

எருவை அள்ளிக் கொட்டவேண்டாம். மிகுந்த எரு இட்ட ஆவரசு, செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளையைப்போல உயர்ந்து சாய்ந்து நிற்கும். முதற் கோடையில் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாளி நீர் விட்டு, அடியில் காய்ந்த சருகைப் பரப்பிவிட்டாற் போதும். இரண்டாங் கோடையில் அதுவும் வேண்டியதில்லை. பூவும் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் வரும். காய்கள் முற்றி முடிந்தபின் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால், அடியிலிருந்து பல கிளைகள் எழுந்து புதர் அடர்த்தியாகும். வெட்டினால் தழைக்கும் இயல்பு இதற்கு இயற்கையிலே உண்டு. தமிழ்நாட்டிலே தோல் பதனிடுவோர் முன்னாளில் ஆவாரம்பட்டையையே பெரிதும் நம்பியிருந்தனர். அதற்காக மீண்டும் மீண்டும் வெட்டப்பட்ட செடிகள் மீண்டும் மீண்டும் தளிர்த்தன. தென்னாபிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வரத் தொடங்கிய பின்னரே அவ்வணிகம் தளர்ந்தது.

வெட்டிய குழையை எரிக்கவேண்டாம். தமிழ்நாட்டில் களர் நிலத்தைத் திருத்துவதற்கு ஆவாரந் தழையை வயலிலே மிதிப்பர். குழை தாழ்க்கும் வழக்கம் நமது வடபகுதி உழவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதொன்று அன்று. கடல்நீரேரியின் உவர் நெருங்கும் கண்டாவளைப் பக்கத்து நிலங்களில் இதைச் செய்து பார்ப்பது தகும்.

பூவைப் பற்றி இரண்டு சொற்கள். ஐந்து இதழ், பத்துக் கேசரம், அவற்றுள் மேலே உள்ள மூன்றும் மலடு. இம்மலரில் தேன் இல்லை. மகரந்தமும் வெளியே தூவிக் கிடப்பதில்லை. கேசரத்தின் நுனியில் உள்ள சிறு துளைக்குள் அடைபட்டிருக்கிறது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு வந்து, கேசரத்தைப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலே உடலை அதிரச் செய்கிறது. அந்த அதிர்விலே மகரந்தம் உப்புத் தூளைப்போலச் சிதறி விழும். காலையில் செடியின் அருகே பேசாமல் நின்றால், வண்டு பறக்கும்போது எழும் ஓசையும் பூவைப் பற்றியபோது எழும் ஓசையும் வேறு வேறாகக் கேட்கும். பின்னது சற்றே உயர்ந்த சுருதி. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான ஆய்வுகூடம் கிடையாது.

இலையில் பச்சைப் புழுக்களைக் கண்டு மருந்து தெளிக்க ஓடவேண்டாம். வெண்மையும் இளமஞ்சளுமான வண்ணத்துப்பூச்சிகளின் பிள்ளைகள் அவை. கூட்டங் கூட்டமாக ஒரே திசையில் பறந்து செல்லும் அவ்வினப் பூச்சிகளைக் கண்டு, சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகின்றன என்று இலங்கை மக்கள் சொல்வர். அந்த யாத்திரிகருக்கு அன்னமிடும் செடிகளுள் ஆவரசும் ஒன்று. இலை போனாலும் செடி சாகாது, மறுபடி தளிர்க்கும்.

தேநீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். உலர்த்திய பூவும் இலையும் இன்று கடைகளில் ரணவரா என்று உறைகளில் விற்கப்படுகின்றன. நீரிழிவுக்கு நல்லது என்று சித்த மருத்துவமும் நாட்டு வழக்கும் கூறுகின்றன. ஆனால் 1981 இல் இலங்கை ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், ஈரலுக்குத் தீங்கு செய்யக்கூடிய ஒருவகை அல்கலொயிட்டுகள் இச்செடியில் உள்ளமை காட்டப்பட்டது. எனவே எப்பொழுதாவது ஒரு கோப்பை பருகுவது வேறு. நாள்தோறும் மருந்தாகக் குடிப்பது வேறு. கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் தவிர்ப்பது நலம். வைத்தியர் தந்த நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு இதனைக் குடிப்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார். நாம் இச்செடியை முற்றத்துக்கு அழைப்பது அதன் பூவுக்காக, கோப்பைக்காக அன்று.

அம்மையாரிடம் விடைபெறும்போது, காய்ந்த காய்கள் சில கிடைக்குமா என்று கேட்டோம். "வேணுங்கிற மட்டும் பறிச்சுக்குங்க ஐயா, அது யாருக்கும் சொந்தமில்ல" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, துடைப்பத்தை வேலியிற் சாய்த்துவிட்டு வந்து, கைக்கெட்டாத கிளையைத் தாமே வளைத்துப் பிடித்தார். நாம் பறித்த பின், தமக்கும் ஒரு பிடி பறித்து முந்தானையில் முடிந்துகொண்டார். எங்கே நடப்போகிறீர்கள் என்று கேட்டோம். கிணற்றடியைக் காட்டவில்லை, படலைக்கு உட்புறமாக, வலப்பக்கத்து மண்ணைக் காலாற் சுட்டினார். அங்கே வாடிய குரோட்டன் சாடிகள் இரண்டு இருந்தன. புரட்டாதி பிறப்பதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது.